படகுத் தட்டுக்கு நல்ல தண்ணீர் ஆகாது

போன ஏப்ரலில் தேவிபட்டினம் பக்கமிருந்து ஒரு பாய்ப்படகு என்னிடம் வேலைக்கு வந்தது. மரத்தட்டு, அதாவது நாம் நடக்கிற மேல்தளம், வெள்ளை வெளேரென்று இருந்தது, ஆனால் பாய்மரத்தின் அடியில் கால் வைத்ததும் பலகை மெத்தை மாதிரி அமுங்கியது. ஸ்குரூடிரைவரை லேசாக ஊன்றினேன், பாதி உள்ளே போய்விட்டது. படகுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. "அண்ணே, உப்புத்தண்ணி நிக்கவே விடுறதில்ல, தினமும் நல்ல தண்ணி ஊத்தி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறேன், அப்புறம் எப்படிண்ணே?"

அதனால்தான் தம்பி என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

குடிக்கிற தண்ணீரையே குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிற நம் கரையில், அதைப் படகில் ஊற்றி மரத்தையும் கெடுத்துக்கொள்கிறோம். மரத்தை இற்றுப்போக வைப்பது பூஞ்சை. மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றுவிட்டால் அது வேலையை ஆரம்பித்துவிடும். உப்பு ஊறிய மரத்தில் அதற்கு அவ்வளவு எளிதாகப் பிடி கிடைக்காது. பெரியவர்கள் கடல்தண்ணீரையே வாளியில் மொண்டு தட்டைக் கழுவியது சிக்கனத்துக்காக மட்டுமில்லை. அதனால் கோடை வெயிலைவிட வாடைக்கால மழைக்குத்தான் நான் பயப்படுவேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், உள்ளே மழைத்தண்ணீர் புழுங்கிக்கொண்டு கிடக்கிறது. தார்ப்பாயின் இரண்டு பக்கமும் காற்று நுழைய வழி விடுங்கள், மழை விட்டதும் நாலு வாளி கடல்தண்ணீர் ஊற்றுங்கள்.

தேய்ப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மென்மையான பிரஷ்ஷால், மரத்தின் ரேகைக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். ரேகையோடு போனால் மிருதுவான பாகம் எல்லாம் பிய்ந்து வந்துவிடும், தட்டு வரப்பு வரப்பாக நிற்கும். பிரஷர் வாஷரும் அதையேதான் செய்யும், கொஞ்சம் வேகமாக. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், அதன் துணுக்குகள் மரத்தில் சிக்கித் துருக்கறை படியும். பிளீச்சிங் பவுடர் நாரையே தின்றுவிடுகிறது. அதைவிட மோசம், கறை போகவில்லை என்று அதன் மேலேயே கழிப்பறை ஆசிட்டை ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும், அங்கே குனிந்து வேலை செய்கிறவன் கதி என்ன? இதை நான் எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

சரி, அந்தப் படகில் தண்ணீர் நுழைந்தது எங்கே? பாய்மரத்தடி போல்ட் ஒன்றில் தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலன்ட் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். தினமும் ஊற்றிய தண்ணீர் அந்த ஓட்டை வழியே இறங்கியிருக்கிறது. ஃபைபர் படகில் இது இன்னும் வஞ்சகமானது. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் இருக்கும், ஒருமுறை நனைந்தால் லேசில் காயாது, வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு ரூபாய் காசால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும், நனைந்த இடம் சத்தமில்லாமல் மொத்து மொத்தென்னும். போல்ட்டைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, நனைந்ததைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு எப்பாக்சிப் பிசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் மறுபடி துளைத்தால் தண்ணீர் உள்மரத்தைத் தொட முடியாது.

நல்ல தண்ணீருக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்டீல் போல்ட், கப்பி, கம்பி, ஃபைபர் தட்டு, இவற்றில் உப்பைக் காயவிடக் கூடாது. ஒரு குடம் தண்ணீரும் ஈரத்துணியும் போதும்.

விசைப்படகுத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், எல்லா ஆசாரிகளும் விசைப்படகு வேலையில்தான் இருப்பார்கள். பலகை இடுக்குகளை அடைக்கிற கலப்பற்று வேலை, பலகை மாற்றுவது எல்லாம் அதற்கு முன்னாலேயே சொல்லிவையுங்கள். தட்டுக்கு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசுகிறவர்களுக்கு ஒன்று: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். என் பட்டறையில் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது குப்பைத்தொட்டி புகைந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து வாசலில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கிறது, எண்ணெய்த் துணி எல்லாம் அதில்தான்.