சிலிண்டரின் அடியில் கசியும் ஒயில்

1964 இலிருந்து 1998 வரை வந்த போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரில் ரேடியேற்றர் கிடையாது. எஞ்சினைக் குளிர்விப்பது ஒரு பெரிய விசிறி. ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்துக்கிடக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி, மேனி முழுக்க மெல்லிய தகட்டு வரிகள். ஒரு சிலிண்டரைக் கிராங்க்கேஸோடு, அதாவது எஞ்சினின் நடு உடலோடு, இறுக்கிப் பிடிப்பவை நான்கு நீளமான ஸ்டட்கள், அதாவது புரி வெட்டிய கம்பிகள். மொத்தம் 24. அவை விசிறி ஊதும் காற்றிலேயே நிற்கின்றன. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகளில் அந்தக் காற்று எவ்வளவு உப்பு என்று திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, ஒயில் ஏன் கசிகிறது? உலோகங்கள் ஒரே அளவில் விரிவதில்லை. 150 மில்லிமீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். வெப்பம் 100 பாகை கூடினால் எஃகு ஸ்டட் சுமார் 0.18 மில்லிமீற்றர் நீளும். சிலிண்டரின் அலுமினியம் சுமார் 0.35. ஆக, எஞ்சின் சூடாகும் ஒவ்வொரு முறையும் ஸ்டட் இழுபடுகிறது, ஆறினால் பழைய நிலைக்கு வருகிறது. 2.7 லீற்றர் எஞ்சினின் மக்னீசியம் கிராங்க்கேஸில் இந்த இழுவை புரியையே பிடுங்கிவிடும். பிடி தளர்ந்தால் சிலிண்டர் மயிரிழை அசையும். சிலிண்டரின் அடியில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கட் வழியாக ஒயில் வியர்க்கும். இதற்கு மருந்தாக, அலுமினியத்தோடு சேர்ந்து விரியும் டிலாவர் என்ற கலப்பு எஃகில் ஸ்டட் செய்தார்கள். காந்தம் ஒட்டாது, அப்படித்தான் அதை அடையாளம் காணலாம். ஆனால் அரிப்பு பிடித்தால் இடையில் முறிந்துபோகும். கடலோர ஊருக்கு இது நல்ல செய்தி இல்லை.

கசிவைச் சரிசெய்யக் கழற்றும்போது, சிலிண்டரின் மூடியான ஹெட்டை எடுத்ததும் சிலிண்டர் தானாக வந்துவிடாது. வரிகளுக்குள் ஸ்குரூட்ரைவரை விட்டு நெம்பினால் வரிதான் உடையும். மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டுவதே வழி. வெளியே வரும்போது பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் ஒரு கை தாங்க வேண்டும்; விட்டால் ராட் கிராங்க்கேஸ் விளிம்பில் மோதும். துவாரத்தைத் துணியால் அடைத்த பிறகுதான் பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சிறு வளையமான சேர்க்ளிப்பைத் தொட வேண்டும். அது உள்ளே விழுந்தால் எஞ்சினையே பிரிக்க நேரிடும்.

திரும்பப் பூட்டுவதில்தான் பொறுமை வேண்டும். பல மொடல்களில் அடியில் வருவது 0.25 மில்லிமீற்றர் செப்புக் கேஸ்கட். இரு பரப்பும் சுத்தமாக, எண்ணெய்ப்பசை இல்லாமல் இருக்க வேண்டும். சிலர் கசிவடைக்கும் பசையான சீலன்டை அள்ளிப் பூசுவார்கள். எனக்கு அது பிடிக்காது. மிஞ்சியது உள்ளே பிதுங்கி ஒயில் வழியை அடைக்கலாம். உயரமும் மாறும். ஒரு பக்கத்து மூன்று ஹெட்களின் மேலும், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் இருக்கும் ஒரே கேம் பெட்டிதான் உட்காருகிறது. ஒரு சிலிண்டர் மட்டும் உயர்ந்துவிட்டால் பெட்டி முறுகி கேம் ஷாஃப்ட் இறுகும். அதனால் நட்களை, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால் குறுக்குமறுக்காக, படிப்படியாக இறுக்கி, இடையிடையே கேம் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், கேம் பெட்டியிலிருந்து ஒயில் கீழிறங்கும் குழாய்களின் இரு முனையிலும் ரப்பர் வளையங்கள் உண்டு. கசிவது பல நேரம் அவைதான், பழி விழுவது சிலிண்டரின் மேல். பழைய ஒற்றைக் குழாயாக இருந்தால், ஹெட்கள் கழன்றிருக்கும் இந்த நேரத்தில்தான் அந்த வளையங்களை மாற்ற முடியும்.