கழற்றி எறிந்த டர்போ

மாங்குளத்தில் ஏ-9 வீதியோரக் கராஜ் ஒன்றில், ஹயஸ் வான் ஒன்றின் டர்போவைக் கழற்றிப் பழைய பேப்பரில் வைத்திருந்தார்கள். இரண்டு நத்தைகளை முதுகோடு முதுகு ஒட்டிவைத்த மாதிரி ஒரு சாமான். ஒரு நத்தை கரிபிடித்துத் துருவேறிக் கிடந்தது, மற்றது வெள்ளையாக அலுமினியத்தில் மினுங்கியது. மெக்கானிக் அண்ணை நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார்.

“ஆட்டம் இருக்கு தம்பி. இது முடிஞ்சுது.”

என்னோடு வந்த மச்சான் சுவிசிலிருந்து லீவுக்கு வந்தவர். கொஞ்சக் காலமாக அவருக்கு ஒரு பழைய போர்ஷே 911 டர்போ மீது கண். கைபேசியில் அதன் படத்தைக் காட்டி, “அப்ப இதையும் இப்பிடித்தான் ஆட்டிப் பாக்கவேணுமோ அண்ணை?” என்று கேட்டார். ஓம், இப்படியும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காருக்கு ஏன் அவ்வளவு விலை என்பது விளங்க, முதலில் இந்த நத்தைகள் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும்.

எஞ்சினுக்குள் எரியும் பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாகச் சைலன்சர் வழியே போய்விடுகிறது. அந்த வீண்போகும் புகையை ஒரு சக்கரத்தின் மேல் மோதவிட்டு வேலை வாங்கலாம் என்று யோசித்தவர் அல்ஃபிரட் பூக்கி, மச்சானின் சுவிஸ் நாட்டுக்காரர். 1905இலேயே அதற்குக் காப்புரிமை கேட்டுவிட்டார். கரிபிடித்த நத்தைக்குள் இருக்கும் சக்கரத்தைப் புகை சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில், அலுமினிய நத்தைக்குள் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் கூடுதலாகப் பெற்றோல் எரிக்கலாம், சின்ன எஞ்சினிலிருந்தே பெரிய எஞ்சினின் இழுவையை எடுக்கலாம். நெல்லேற்றிக்கொண்டு ஏ-9இல் போகிற லொறி ஏற்றத்தில் ‘உய்ய்’ என்று விசிலடிக்கிறதே, அது இந்தச் சக்கரம்தான்.

சொல்லும்போது சுகமாக இருக்கிறது. ஆனால் தண்டு சுற்றுவது நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கும் மேல். பெற்றோல் எஞ்சினில் புகைப்பக்கச் சூடு 900 பாகை செல்சியசைத் தொடும். இந்த வேகத்தில் தண்டு உலோகத்தோடு உரசினால் நொடியில் தேய்ந்துவிடும். அதனால் அது தலைமயிரிலும் மெல்லிய ஒரு ஒயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. வேகமாக ஓடி வந்து சட்டென்று திறப்பைத் திருகி எஞ்சினை நிற்பாட்டினால் ஒயில் ஓட்டம் நின்றுவிடும். உள்ளே தங்கிய ஒயில் அந்தச் சூட்டில் அடிச்சட்டியில் கருகின குழம்பு மாதிரிக் கட்டிபிடிக்கும். அண்ணை ஒரு ஆணியால் சுரண்டிக் காட்டினார். கரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. “முறிகண்டியில கச்சான் வாங்க நிப்பாட்டினா ஒரு நிமிசம் எஞ்சினை ஓடவிட்டிட்டு நிப்பாட்டு எண்டா ஆர் கேக்கினம்?”

இது ஒரு வில்லங்கம். மற்ற வில்லங்கம் வன்னியில் தொண்ணூறுகளில் கார் ஓடியவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெற்றோல் தடைப்பட்டிருந்த அந்தக் காலத்தில் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் இரண்டு சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏற்றத்தில் ‘டக டக’ என்று உள்ளே சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்கும். நொக்கிங். பிளக்கின் பொறியில் பிறந்த தீ வந்து சேருமுன்னமே, மிச்ச எரிபொருள் அமுக்கத்திலும் சூட்டிலும் தானாக வெடிப்பதுதான் அது. அந்தப் பழைய கார்கள் அதைத் தாங்கியதற்குக் காரணம், அவற்றின் எஞ்சினுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் காற்றை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகத்தான் நெரித்தது. இன்றைய கார்கள் பத்தில் ஒன்று, அதற்கும் மேல். அவற்றுக்கு மண்ணெண்ணெய் விட்டால் பிஸ்டன் உடைந்தும் போகலாம்.

டர்போ காரின் தலைவலியும் இதே நொக்கிங்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகிறதல்லவா? டர்போ நெரிக்கிற காற்றும் அப்படிச் சூடாகித்தான் எஞ்சினுக்குள் வருகிறது. அங்கே பிஸ்டன் அதை இன்னொரு தடவை நெரிக்கிறது. ஆகவே பழைய பொறியியலாளர்கள் பிஸ்டன் நெரிக்கும் அளவைக் குறைத்தார்கள். 1975இல் விற்பனைக்கு வந்த 911 டர்போ, 3 லீற்றர் எஞ்சின், 260 குதிரைவலு. அது நெரித்தது வெறும் 6.5இல் ஒரு பங்கு. எங்கள் மொரிஸ் மைனரின் கணக்குத்தான்!

இதற்குக் கொடுத்த விலை, டர்போ விழிக்கும்வரை கார் சோம்பேறி. புகை போதாமல் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது காலால் எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரேயடியாக முதுகில் உதைக்கும். வளைவில் வைத்து உதைத்தால் பின்பக்கம் வீதியை விட்டுப் போய்விடும். வெள்ளைக்காரர் அந்தக் காருக்கு வைத்த பட்டப்பெயரை எங்கள் பேச்சில் சொன்னால் ‘தாலியறுப்பான்’. 1978இல் எஞ்சினை 3.3 லீற்றராக்கி, திணிக்கும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரையும் சேர்த்தார்கள். வலு 300 ஆகியது. இருந்தாலும் குறைகள் நிறைந்த முதல் மூன்று வருடக் கார்களுக்குப் பின்னால் அலைகிறவர்கள் நிறையப் பேர், மச்சான் உட்பட.

சேகரிப்பவர்களின் உலகத்தில் குறைதான் பலவேளை அரிதாக்குகிறது. பிஎம்டபிள்யூவின் ‘2002 டர்போ’ என்ற கார் 1973இன் பிற்பகுதியில் வந்தது. வந்த கையோடு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெற்றோலுக்கு ஐரோப்பா வரிசையில் நின்றபோது பெற்றோல் குடிக்கும் காரை யார் வாங்குவார்? 1,672 கார்களோடு நிற்பாட்டிவிட்டார்கள். தட்டுப்பாட்டில் பிறந்த அருமை. 2022இல் எரிபொருள் வரிசையில் படுத்தெழும்பியவர்களுக்கு இதைவிட விளக்கத் தேவையில்லை.

எனக்குப் பிடித்தது ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் கதை. 1962இல் அமெரிக்காவில் வந்தது, உலகின் முதல் டர்போக் கார்களில் ஒன்று. அவர்கள் பிஸ்டன் நெரிக்கும் அளவைக் குறைக்கவில்லை, பத்தில் ஒன்றுக்கு மேலேயே வைத்துக்கொண்டார்கள். நொக்கிங் வராமலிருக்க வடிநீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே தெளித்தார்கள். திரவம் ஆவியாகிக் காற்றைக் குளிர்த்தும். கெட்டித்தனமான யோசனைதான். ஆனால் பெற்றோலோடு இன்னொரு போத்தலையும் நிரப்ப வேண்டும் என்பதை மனிசர் மறந்துபோனார்கள். போத்தல் காய்ந்ததும் பாதுகாப்பு வால்வு டர்போவை அடக்கிவிட, கார் இழுக்கவில்லை என்று முறைப்பாடு. கடைசியில் கம்பனியே பல கார்களின் டர்போவைக் கழற்றிச் சாதாரண காபரேற்றரைப் பூட்டிக் கொடுத்தது. இரண்டு வருடத்தில் செய்ததே ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதில் பிறந்த டர்போவோடு மிஞ்சியது கொஞ்சம். அன்றைக்குத் தொல்லை என்று எறிந்த சாமானைத்தான் இன்றைக்குத் தேடித் திரிகிறார்கள்.

அதனால்தான் மச்சானிடம் சொன்னேன், பெயின்ற் மினுக்கத்தைப் பார்த்து மயங்காதே என்று. எங்கள் பக்கத்தில் பழைய ஒஸ்ரினுக்கு டீசல் எஞ்சின் பூட்டினால் ‘நல்ல வேலை செய்திருக்கு’ என்போம். சேகரிப்பவரிடம் அதே வேலை விலையை நன்றாக வெட்டும். காரின் இரும்புச் சட்டத்தில் குத்திய இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். டர்போ, அந்தக் காலத்தில் இந்தக் காருக்கு டர்போ செய்து கொடுத்த கேகேகே கம்பனியினதா, பிறகு பூட்டியதா? சூடான எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, பிறகு ஒருக்கால் மிதித்தால் நீலப்புகை வருகிறதா? வந்தால் ஒயில் எரிகிறது; டர்போவின் தண்டு ஆடி ஒயில் கசிவது காரணமாக இருக்கலாம். திருத்தலாம். ஆனால் திருத்துகிற காசை விலையில் கழிக்க வேண்டும். பழைய திருத்த வேலைத் துண்டுகளை ஒரு பைலில் போட்டு வைத்திருக்கிற சொந்தக்காரரின் காருக்கு, கொஞ்சம் கீறல் இருந்தாலும், கூடக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

அண்ணை இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கையைத் துணியில் துடைத்தார்.

“ஆறரை எண்டோ சொன்னனீர்?”

“ஓம் அண்ணை, ஆறரை.”

“அப்ப டர்போவைக் கழட்டிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடலாம்.”

மச்சான் கைபேசியைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டார்.