சிம்பொனி: சேர்ந்து ஒலித்தால்தான் உண்டு

2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி, அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதிய பல பகுதி இசைப் படைப்பு, அரங்கேறியபோது இந்தச் சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ‘தமிழில் என்ன சொல்வது?’ என்ற கேள்வியும் கூடவே வந்தது.

கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் சேர்ந்து. ‘ஃபோனே’ என்றால் ஒலி, குரல். டெலிஃபோனில் இருக்கிற அதே ஃபோன்தான். ஆனால் கிரேக்கர்கள் ‘சிம்ஃபோனியா’ என்றது ஒரு படைப்பை அல்ல, ஒத்துப்போகும் இரண்டு சுரங்களின் உறவை. ஒரு சுரத்தோடு அதன் நான்காவதும் ஐந்தாவதும் மேல் ஸ்தாயியும் இசைந்து நிற்பதுதான் அது. பழந்தமிழ் இசையில் ஐந்தாம் நரம்பை, அதாவது சுரத்தை, ‘கிளை’ (சுற்றம்) என்றும் நான்காம் நரம்பை ‘நட்பு’ என்றும் சொன்னார்கள். உறவுமுறை வைத்துப் பேசியதில் நாம் ஒரு படி மேல்.

லத்தீன் வழியே இத்தாலிக்குப் போன சொல் ‘சின்ஃபோனியா’ ஆனது. பாட்டாலேயே நடத்தும் நாடகமான ஓபராவில் திரை விலகும் முன் வாசிக்கும் முன்னிசைக்குப் பெயரானது. வேகம், நிதானம், மறுபடி வேகம் என்று மூன்று பகுதி. 18ஆம் நூற்றாண்டில் ஓபராவை விட்டுப் பிரிந்து, பெரும்பாலும் நான்கு பகுதிகளோடு தனிக்குடித்தனம் போனது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் மட்டும் நூற்றுக்கு மேல் எழுதினார்.

தமிழுக்கு வருவோம். ‘ஒத்திசை’ வேர்ப்பொருளுக்கு நெருக்கம்தான்; ஆனால் பல சுரங்கள் ஒரே நேரத்தில் இசைந்து ஒலிக்கும் ஹார்மனியையும் அப்படித்தான் சொல்கிறோம். ‘சேர்ந்திசை’ பலர் கூடிப் பாடுவதற்குப் போய்விட்டது. ‘பல்லியம்’ திருமுருகாற்றுப்படையிலேயே இருக்கிறது. அது பல வாத்தியங்களைக் குறிப்பதால் வாத்தியக் குழுவான ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பொருந்தும். அந்தப் பல்லியத்துக்காகத் தொடுத்த பகுதிகள் என்பதால் என் ஓட்டு ‘பல்லியக் கோவை’க்கு. பேச்சில் சிம்பொனியே இருக்கட்டும்.

வேரில் இருக்கும் அந்தச் ‘சேர்ந்து’தான் வம்பு. பியானோவுக்கு எழுதினால் தானே வாசித்துக்கொள்ளலாம். இதற்கோ ஒரு படையே வேண்டும். ஸ்வீடன் இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் பெர்வால்ட் இசையால் வயிறு நிறையாமல் பெர்லினில் எலும்பு மூட்டுச் சிகிச்சை நிலையம் நடத்தினார், பிறகு கண்ணாடி ஆலையை நிர்வகித்தார். 1845இல் அவர் எழுதிய ‘சின்ஃபொனி சாங்குலியேர்’ என்ற சிம்பொனி முதன்முதலில் ஒலித்தது 1905இல். அவர் இறந்தே கிட்டத்தட்ட 37 ஆண்டு ஆகியிருந்தது. அதுவரை அது சிம்பொனியா, வெறும் காகிதமா?

பாரிஸில் லூயிஸ் ஃபராங்க் என்ற பெண் இசையமைப்பாளர் 1840களில் மூன்று சிம்பொனி எழுதினார். இசைக் கல்லூரியில் 30 ஆண்டு பியானோ பேராசிரியை. ஆண்களுக்கு இணையான சம்பளத்தைக் கேட்டு வாங்கியவர். அவருடைய சிம்பொனி ஒன்றுகூட அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. மூன்றாவதைத் தேடிக் கேளுங்கள். முதலில் ஓபோ என்ற ஊதுகருவி மட்டும், துணையில்லாமல், ஒற்றை இழையாக வரும். பிறகு மற்ற ஊதுகருவிகள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து நிற்கும்.