குளம்பில் ஆணி குத்தினால் ஓட்டையை அடைக்காதீர்கள்

"ஆணியைப் பிடுங்கிட்டோம் டாக்டர். மஞ்சளும் விளக்கெண்ணெயும் வெச்சு அடைச்சுட்டோம். நாலு நாள் நல்லாத்தான் நடந்துச்சு. இன்னைக்குக் காலை ஊனவே மாட்டேங்குது."

கடற்கரைச் சவாரிக் குதிரை, கொடைக்கானல் ஏரியைச் சுற்றும் மட்டக்குதிரை, பழனி வண்டிக் குதிரை, ரேக்ளாக் குதிரை என்று குதிரைதான் மாறுகிறது. வசனம் மாறுவதில்லை. இந்த மாதமும் அதே வசனம் வந்துவிட்டது. இனி வாயால் சொல்லிப் பயனில்லை, எழுதியே வைத்துவிடலாம்.

முதலில் அந்த "அடைச்சுட்டோம்". மேல்தோலில் காயம் பட்டு உள்ளே சீழ் கட்டினால் தோல் வீங்கி இடம் கொடுக்கும். குளம்புக்கு அந்த வசதி கிடையாது. அது ஓர் எலும்பைச் சுற்றி வார்த்த கெட்டிப் பெட்டி. ஒரு ஸ்பூன் சீழ் சேர்ந்தாலும் அது போக வழியில்லை. நகச்சுத்தி வந்து ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த விரலின் மேல் ஆளே ஏறி நின்றால் எப்படி இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது. 400 கிலோ குதிரை சும்மா நிற்கும்போதே ஒரு முன்னங்குளம்பு ஏறக்குறைய 120 கிலோ தாங்குகிறது.

ஓட்டை திறந்திருந்தால் சீழ் கீழே வடியும். மஞ்சள், கிரீஸ், தார், எம்சீல், வேப்பெண்ணெயில் தோய்த்த பஞ்சு என எதை வைத்து அடைத்தாலும் சீழ் மேல்நோக்கித்தான் வழி தேடும். குளம்புச் சுவரின் உள்பக்கமாகவே ஏறி, குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் உடைத்துக்கொண்டு வரும். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை இரண்டு மாதம் இழுக்கும். மண்ணெண்ணெய், பேட்டரி ஆசிட், பழுக்கக் காய்ச்சிய கம்பி எல்லாம் இன்னும் மோசம். கிருமியைக் கொல்வதற்கு முன் நல்ல சதையைக் கொன்று, அந்தச் செத்த சதையையே கிருமிக்குச் சாப்பாடாக வைக்கும்.

"நாங்க அடைக்கலையே, அதுவா மூடிக்கிச்சு" என்பது அடுத்த பதில். உண்மைதான். குளம்பின் அடியில் முக்கோணமாக ரப்பர்போல இருக்கும் பகுதியை ஃப்ராக் என்போம். அதில் குத்திய ஆணியைப் பிடுங்கியதும் துளை தானாகவே சுருங்கி மறைந்துவிடும். மறுநாள் தேடினால் எங்கே குத்தியது என்பதே தெரியாது. வெளியே மூடியதால் உள்ளே ஆறிவிட்டது என்று ஆகாது. முதல் இரண்டு மூன்று நாள் துளை வழியே நீர் கசிந்துகொண்டிருப்பதால் குதிரை ஓரளவு நடக்கும். துளை மூடியபின் அழுத்தம் ஏறும், அப்போதுதான் காலைத் தூக்கிக்கொள்ளும். "நாலு நாள் நல்லா நடந்துச்சு" என்பதற்கு இவ்வளவுதான் பொருள்.

எந்த இடத்தில் குத்தியது என்பதைப் பொறுத்து நோயே வேறு. குளம்பு அடித்தோட்டின் கனம் பல குதிரைகளில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். சென்ட்ரிங் பலகை ஆணியின் நீளம் இரண்டரை, மூன்று அங்குலம். அது ஃப்ராக்கின் நடு மூன்றில் ஒரு பாகத்தில் ஏறினால் நேராகத் தசைநாணுக்கும், அதன் மேலிருக்கும் நாவிகுலர் என்ற சிறிய எலும்புக்கும், அதை ஒட்டிய நீர்ப்பைக்கும், சில சமயம் குளம்பு மூட்டுக்கும் போகும். அங்கே கிருமி போய்விட்டால் வெந்நீர் ஒத்தடம், கட்டு எல்லாம் எடுபடாது. மயக்கம் கொடுத்து உள்ளே கழுவ வேண்டும். முதல் நாளே வந்த குதிரை பிழைத்து ஓடுவதுண்டு. பத்தாம் நாள் வரும் குதிரை பெரும்பாலும் திரும்ப வண்டி இழுக்காது.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறோம்: ஆணி குளம்பில் இருக்கும்போதே கூப்பிடுங்கள். ஆணியோடு எடுக்கும் எக்ஸ்-ரே ஆழத்தையும் திசையையும் ஒரே பார்வையில் காட்டிவிடும். பிடுங்கிய பிறகு நாங்கள் தடவித் தடவித் தேடுகிறோம். குதிரையை நடத்தாதீர்கள். ஆணித் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதைவிட உயரமான இரண்டு மரக்கட்டைகளை ஆணிக்கு இருபுறமும் குளம்படியில் வைத்து டேப் சுற்றுங்கள். ஊன்றினாலும் ஆணி மேலும் ஏறாது. நடுரோட்டில் குதிரை மிரள்கிறது, பிடுங்காமல் வேறு வழியில்லை என்றால் முதலில் அடியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போனில் படம் எடுங்கள். பிறகு வந்த கோணத்திலேயே நேராக இழுங்கள். துளையைச் சுற்றி மார்க்கரால் ஒரு வட்டம் போடுங்கள். ஆணியைத் தூக்கி எறியாதீர்கள். எவ்வளவு நீளம் ஈரமாக, ரத்தமாக இருக்கிறது என்பது எங்களுக்கு வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவி, போவிடோன் அயோடின் ஊற்றி, சுத்தமான கட்டுப் போடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் நொண்ட வைத்து அழைத்து வருவதற்கு அந்த எண்ணை அழுத்தலாம்.

அன்றைக்கே டி.டி. ஊசி. "மாட்டுக்கு ஆணி குத்துனா போடுறதில்லையே" என்பவர்களுக்கு: மாடு ரணஜன்னியை (டெட்டனஸ்) நன்றாகத் தாங்கும். வீட்டு விலங்குகளிலேயே அதற்கு மிக எளிதில் பலியாவது குதிரை. நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. இவ்வளவுதான் செலவு. கடைசி ஊசி போட்டு ஆறு மாதம் தாண்டியிருந்தால் காயத்தன்று ஒன்று கூடுதல். ஊசியே போடாத குதிரைக்குத் தடுப்பூசியோடு 1,500 யூனிட் எதிர்விஷ மருந்தும் வேண்டும், வேறு சிரிஞ்சில், உடம்பின் வேறு இடத்தில். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காது விறைத்து, வால் தூக்கி, கண்ணின் உள்மூலையிலிருந்து மூன்றாவது இமை வெள்ளையாக மூடிக்கொண்டு வந்தால் அது ரணஜன்னி. அதற்குப் பிறகு பிழைக்கும் குதிரைகள் குறைவு.

ஆழமான இடங்களைத் தொடாத சாதாரணச் சீழ்க் கட்டி என்று உறுதியானால் பயப்பட ஒன்றுமில்லை. மருத்துவர் லாடத்தைக் கழற்றி, இடுக்கியால் அழுத்தி இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு வழி வெட்டுவார். கறுப்பும் சாம்பலுமாக நாற்றமடிக்கும் நீர் பீய்ச்சும். சில மணி நேரத்தில் குதிரை காலை ஊன்றும். பெரிய குழி தோண்டினால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து லாடக்காரர் கத்தியைக் கையில் எடுக்க வேண்டாம். பெரிய குழியில் உள்சதை பிதுங்கிக்கொண்டு வரும். அதை ஆற்றுவது தனி வேலை.

வெட்டிய பிறகு உங்கள் பங்கு. ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கப் பேதி உப்பு (உரக்கடை மூட்டை வேண்டாம், மருந்துக்கடையில் வாங்குங்கள்). 15 நிமிடம் காலை அதில் நிறுத்துங்கள், காலை மாலை, இரண்டு மூன்று நாள் மட்டும். "நல்லதுதானே" என்று பத்து நாள் ஊற வைத்தால் அடித்தோடு ஊறிய தோசை அரிசி மாதிரி ஆகிவிடும். பிறகு குளம்பைத் துடைத்துக் காய வைத்து, அயோடின் நனைத்த காஸ் துணியைத் துளையின் மேல் வையுங்கள். உள்ளே திணிக்காதீர்கள். மேலே தடித்த பஞ்சு, அதற்கு மேல் குழந்தைக்குப் போடும் டயப்பர் ஒன்று. கடைசியில் டக்ட் டேப். டேப்பை நேராகக் குளம்பில் சுற்றினால் இரண்டு மணி நேரத்தில் அடி தேய்ந்து கிழிந்துவிடும். ஓர் அடி நீளத் துண்டுகளைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி ஒரு சதுரம் செய்து, அதன் நடுவில் குளம்பை வைத்து ஓரங்களை மடித்து ஒட்டுங்கள். டேப் தோலின் மேல் ஏறி இறுக்கக் கூடாது. தினமும் மாற்ற வேண்டும். ஈரமான கட்டு, கட்டே இல்லாததைவிட மோசம். கடற்கரை மணலில் கட்டில்லாமல் நிறுத்தவே கூடாது.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் திட்டத்தான் வேண்டியிருக்கிறது. வலி ஊசி போட்டு அன்றைய சவாரியை முடிப்பது வைத்தியத்தில் சேராது. வலி தெரியாத குதிரை அழுகிய காலை முழு எடையோடு மிதிக்கும். வடிகால் வெட்டாமல் ஆன்டிபயாடிக் மட்டும் ஐந்து நாள் போட்டால் சீழ் கொஞ்சம் அடங்கி, நிறுத்தியதும் திரும்பும். மனிதருக்கு வாங்கிய கிளிண்டாமைசின் மாத்திரையைக் கொடுத்தால் குடல் வெந்து கழிச்சலிலேயே குதிரை போய்விடும். வலி மருந்துகளில் டைக்ளோபினாக் 2006 முதல் கால்நடைகளுக்குத் தடை, கீட்டோபுரொபேனும் அசெக்ளோபினாக்கும் 2023-இல் அந்தத் தடையில் சேர்ந்தன. அந்த மருந்துகள் போட்டு இறந்த கால்நடையைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளுக்குப் பக்கத்தில் நீலகிரியில் குதிரை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது. அளவை மருத்துவர் சொல்வார்.

எல்லோரும் அடிபட்ட காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எதிர்க்காலையும் பாருங்கள். வாரக்கணக்கில் இரட்டைப் பாரம் தாங்கும் அந்தக் குளம்பில் உள்சதை வெந்து எலும்பு கீழிறங்கினால், ஆணி குத்திய கால் ஆறியும் குதிரை பிழைக்காது. கணுவுக்குக் கீழே பின்பக்கம் இருபுறமும் விரல் வைத்தால் நாடி மெல்லத் தெரியும். அது திடுதிடுவென்று அடித்தால், குளம்பு சுட்டால், அன்றே சொல்லுங்கள். நிற்கும் இடத்தில் அரை அடிக்கு மரத்தூளோ வைக்கோலோ போடுங்கள். வேலை இல்லாத குதிரைக்கு வழக்கமான கொள்ளும் கடலையும் வைக்காதீர்கள். புல் போதும். காய்ச்சல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம்.

துளை காய்ந்து, புதுத் தோடு மூடிக் கெட்டியான பிறகுதான் அடியில் தோல் வைத்து லாடம். குளம்புச் சுவர் மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். நுனிப்பக்கம் பெரிதாக வெட்டியிருந்தால் முழுசாக இறங்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். பயோட்டின் பவுடர் இனி வளரப்போகும் குளம்புக்குத்தான் உதவும், இருக்கும் ஓட்டைக்கு உதவாது.

லாடம் அடித்த மூன்று நாளுக்குள் நொண்டினால் சந்தேகம் லாட ஆணி மேல்தான். அந்த ஒன்றைக் கழற்றி, துளையில் அயோடின் விட்டு, அதே இடத்தில் வேறு ஆணி அடிக்காமல் விடுங்கள். சீழ் இருந்தால் லாடமே இறங்க வேண்டும். தினமும் சாயங்காலம் நான்கு குளம்பையும் தூக்கிச் சுரண்டிப் பாருங்கள். திருவிழாப் பந்தல் பிரித்த இடத்தில் குதிரையைக் கட்டாதீர்கள். லாடம் மாற்றும் இடத்தில் ஒரு டப்பா வையுங்கள். எட்டு ஆணி அடித்த லாடத்தைக் கழற்றினால் டப்பாவில் எட்டும் விழுந்ததா என்று எண்ணிவிட்டுக் குதிரையை அவிழ்த்து விடுங்கள்.