பசித்த மாடு ஏன் முதலில் சாய்கிறது?

இளஞ்சோளம் நிற்கும் காட்டுக்குள் இரண்டு மாடுகள் நுழைகின்றன. ஒன்று காலையிலேயே வைக்கோல் தின்று வயிறு நிரம்பியது. மற்றது முதல் நாளிலிருந்தே பட்டினி. இரண்டும் மேய்வது ஒரே பயிர்தான். ஆனாலும் பசித்த மாடு அரைமணி நேரத்துக்குள் மூச்சிரைத்து, தள்ளாடி, விழுந்துவிடலாம். வைக்கோல் தின்றது அசைபோட்டபடி நிற்கும். இளஞ்சோளத்தில் நஞ்சு உண்டு. அது எவ்வளவு போனது என்பதோடு எவ்வளவு வேகமாகப் போனது என்பதையும் கேட்டால்தான் மேய்ச்சல் கால்நடைகளின் உடலுக்குள் நடப்பது புரியும்.

ஆடு மாடுகள் தின்னும் தழை முதலில் சேரும் இடம் அசையூண் வயிறு. வளர்ந்த மாட்டுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ் வெப்பம், ஆக்சிஜன் கிடையாது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு பெரும்பாலும் 6-க்கும் 7-க்கும் இடையில். அங்குள்ள நீரின் ஒரு மில்லிலிட்டரில் மட்டும் ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. செடியின் நஞ்சு கல்லீரலை எட்டும் முன்பே இவற்றிடம் சிக்குகிறது. சில நஞ்சுகளை இவை உடைத்துப் போடும். சிலவற்றை இவைதான் கொடியதாக்கும்.

சோளத்தையே எடுத்துக்கொள்வோம். இளம் பயிரில் இருக்கும் துர்ரின் என்ற பொருளில் சயனைடு, சர்க்கரையோடு பிணைந்து அடங்கிக் கிடக்கிறது. அதை அவிழ்க்கும் நொதி அதே இலையில், வேறு செல்களில் இருக்கிறது. துர்ரின் மேல்தோல் செல்களில், நொதி உள்ளடுக்குச் செல்களில். மாடு கடித்து மென்றதும் இரண்டும் கலந்துவிடுகின்றன. குதிரையின் வயிற்றில் அமிலம் மிகுதி என்பதால் அந்த நொதி அங்கே பெரும்பாலும் செயலிழந்துபோகும். அசையூண் வயிற்றில் அப்படி இல்லை. நொதி தொடர்ந்து வேலை செய்கிறது. போதாக்குறைக்கு நுண்ணுயிர்களும் அதே வேலையைச் செய்யும் நொதிகளைத் தருகின்றன.

வெளிப்படும் ஹைட்ரஜன் சயனைடு மிகச் சிறிய மூலக்கூறு. அசையூண் வயிற்றின் சுவர் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். ஏப்பத்தோடு மேலே வரும் வாயுவில் ஒரு பகுதி நுரையீரலுக்கும் போகிறது. அந்த வழியில் வருவது கல்லீரலைத் தொடாமலே உடலெங்கும் பரவும். செல்களில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை அது முடக்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் எடுத்துக்கொள்ள முடியாது. சிரை ரத்தம்கூடச் செக்கச்செவேல் என்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உடலிடம் இதற்கு மாற்று உண்டு. கல்லீரலில் நிறைந்திருக்கும் ரோடனேஸ் என்ற நொதி, சயனைடோடு ஒரு கந்தக அணுவைச் சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்றுகிறது. அது சிறுநீரில் போய்விடும். ஒரு கிராம் ஹைட்ரஜன் சயனைடை முறிக்க ஏறக்குறைய 1.2 கிராம் கந்தகம் செலவாகும். கந்தகம் குறைந்த தீவனத்தில் வளரும் மந்தை எளிதில் பாதிக்கப்படுவது இதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு ஒரே மூச்சில் உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. 300 கிலோ மாட்டுக்கு அது 600 மில்லிகிராம். கிலோவுக்கு 200 மில்லிகிராம் சயனைடு தரக்கூடிய பசும்பயிர் என்றால் 3 கிலோவே போதும். பசித்த மாடு அதைச் சிறிது நேரத்தில் தின்றுவிடும். அதே 3 கிலோ நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் ரோடனேஸ் சமாளித்துவிடும். வைக்கோல் தின்ற மாட்டைக் காப்பாற்றியது இந்த இடைவெளிதான். அது மெதுவாக மேயும், குறைவாகத் தின்னும், நஞ்சும் நீர்த்துப்போகும்.

முழங்கால் உயரப் பயிர், வறட்சியில் வாடி நின்று மழைக்குப் பின் தழைத்தது, அறுத்தபின் துளிர்த்த மறுதாம்பு ஆகியவற்றில்தான் துர்ரின் மிகுதி. அரைகுறையாக வாடிய தழையைப் பாதுகாப்பானது என்று எண்ணிப் போடுவது பெரும் தவறு. வாடும்போது செல்கள் உடைந்து நஞ்சு அவிழத் தொடங்கியிருக்கும். நன்றாகக் காய்ந்தபின் சயனைடின் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். பாதிக்கப்பட்ட மாட்டுக்குக் கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் மருந்துகளைச் சிரையில் செலுத்துவார். தயோசல்பேட் ரோடனேஸுக்குத் தேவையான கந்தகத்தைத் தருகிறது. நிமிடக் கணக்கில் செய்ய வேண்டிய சிகிச்சை இது.

காயவைப்பதால் நைட்ரேட் என்ற இன்னொரு நச்சுப்பொருள் போகாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தழைச்சத்து உரம் மிகுந்து, வறட்சியில் வளர்ச்சி நின்ற பயிரின் அடித்தண்டில் அது சேரும். நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாகவும், பிறகு அம்மோனியாவாகவும் மாற்றுகின்றன. முதல் படி வேகமானது, இரண்டாவது மெதுவானது. இடையில் தேங்கும் நைட்ரைட் ரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினைக் கெடுக்கும்; ரத்தம் சாக்லேட் நிறமாகிவிடும். தானியம் சேர்த்துக் கொடுத்தால் நுண்ணுயிர்களுக்கு ஆற்றல் கிடைத்து இரண்டாம் படியும் விரைவுபடுகிறது.

நுண்ணுயிர்கள் எவ்வளவு பெரிய காவலாக இருக்க முடியும் என்பதற்குச் சூபாபுல் என்ற தீவன மரம் நல்ல சாட்சி. அதன் இலையில் உள்ள மிமோசின், அசையூண் வயிற்றில் டி.ஹெச்.பி. என்ற பொருளாக மாறித் தைராய்டு சுரப்பியைத் தாக்கும். முடி கொட்டும், கழுத்தில் சுரப்பி வீங்கும், எடை ஏறாது. ஆஸ்திரேலிய மாடுகளுக்கு இது நேர்ந்தபோது, ஹவாய்த் தீவுகளின் ஆடுகள் அதே இலையைத் தின்று நலமாக இருந்தன. ஹவாய் ஆடுகளின் வயிற்றில் டி.ஹெச்.பி.யை உடைக்கும் பாக்டீரியா இருக்கிறது என்று ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் கருதினார். 1980களில் அதை எடுத்துவந்து ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றில் செலுத்தியதும் பாதிப்பு நின்றது. அந்த நுண்ணுயிருக்கு 1992-இல் அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். ஒரு கூட்டத்தில் சில மாடுகளுக்குக் கொடுத்தால் போதும், சேர்ந்து மேயும் மற்றவற்றுக்கும் அது பரவிவிடும். புதிய தழையைப் படிப்படியாகப் பழக்க வேண்டும் என்பதன் அடிப்படையும் இதுவே. நஞ்சை உடைக்கத் தெரிந்த சிறு கூட்டம் பெருகுவதற்கு நாள் ஆகும்.

நுண்ணுயிர்களைத் தாண்டியவை குடலில் உறிஞ்சப்பட்டு, வாயிற்சிரை வழியாகக் கல்லீரலுக்கு வருகின்றன. கொழுப்பில் கரையும் நஞ்சை நீரில் கரையும்படி மாற்றி, சிறுநீரிலோ பித்தத்திலோ தள்ளுவது அதன் வேலை. ஆனால் கிலுகிலுப்பைச் செடியில் உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நஞ்சுகளில் இந்த வேலையே வினையாகிறது. செடியில் இருக்கும்போது அவை அவ்வளவு கொடியவை அல்ல. கல்லீரலின் நொதிகள் அவற்றைப் பைரோல்கள் என்ற பொருள்களாக மாற்றும்போதுதான் அவை அங்கேயே செல்களின் டி.என்.ஏ.வைப் பிணைத்துச் சிதைக்கின்றன. கல்லீரல் தழும்பேறிச் சுருங்க மாதங்கள் ஆகலாம். நோய் தெரியும்போது தின்ற செடி நினைவில்கூட இருக்காது. வெள்ளாடும் செம்மறியும் மாட்டைவிட இதை நன்றாகத் தாங்கும்.

உண்ணிச்செடி வேறு வகையில் ஏய்க்கிறது. அதன் லாண்டடீன் என்ற நஞ்சு பித்தம் வெளியேறுவதைத் தடுக்கிறது. பச்சையம் செரிக்கும்போது உண்டாகும் ஃபில்லோஎரித்ரின் என்ற நிறமி வழக்கமாகப் பித்தத்தில் போய்விடும். இப்போது அது ரத்தத்தில் தேங்கித் தோலை அடைகிறது. வெயில் பட்டதும் வெள்ளைத் தோல் பகுதிகள், மூக்கு, கண்ணோரம் எல்லாம் வெந்து உரியும். கல்லீரல் கெட்டதும் அசையூண் வயிற்றின் அசைவும் நின்றுபோகிறது. உள்ளே கிடக்கும் இலை நாள்கணக்கில் நஞ்சைக் கசியவிட்டபடி இருக்கும். ஆகவே தின்று சில நாள் கழிந்த பிறகும், உடல் எடைக்குக் கிலோவுக்கு 5 கிராம் வீதம் செயலூட்டிய கரியை நீரில் கரைத்துக் குழாய் வழியே வயிற்றுக்குள் செலுத்துவது பலன் தரும். 300 கிலோ மாட்டுக்கு ஒன்றரைக் கிலோ கரி. கரி, இன்னும் உறிஞ்சப்படாத நஞ்சைப் பிடித்துச் சாணத்தோடு கொண்டுபோகும். மாட்டை நிழலில் கட்டி, தண்ணீர் குடிக்க வைத்து, அசைபோடத் தொடங்கும்வரை கவனிக்க வேண்டும்.