கிருமியோடு ஆய்வு செய்யப் போகிறீர்களா? ஐபிஎஸ்சி விதிகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பிஎச்டி சேர்ந்தவர்களிடம் "ஐபிஎஸ்சி (நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு) அனுமதி வாங்கியாச்சா?" என்று கேட்டால், அதையெல்லாம் கைடு பார்த்துக்கொள்வார் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். ஆனால் தினமும் அந்தக் கிருமியைக் கையாளப் போவது நீங்கள்.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989 டிசம்பரில் வந்த விதிகள்தான் இந்தியாவில் இதற்கு அடிப்படை. மரபணு மாற்றிய உயிரிகளுக்கு மட்டும்தான் இவை என்று நினைக்க வேண்டாம், அபாயகரமான நுண்ணுயிரிகளும் இவற்றில் அடங்கும். இப்படிப்பட்ட ஆய்வு நடக்கும் நிறுவனம் தனக்கென ஒரு உயிரிப் பாதுகாப்புக் குழு வைத்திருக்க வேண்டும், அதைத்தான் ஐபிஎஸ்சி என்கிறோம். நிறுவனத் தலைவர் அல்லது அவர் நியமிப்பவர், விஞ்ஞானிகள், ஒரு மருத்துவ நிபுணர், அப்புறம் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஒருவர் அதில் இருப்பார்கள். இந்தப் பிரதிநிதி ரொம்ப முக்கியம், சொந்த நிறுவனத்துக்குத் தயங்காமல் 'இது கூடாது' என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.

கிருமிகள் ஆபத்து கூடும் வரிசையில் 1 முதல் 4 வரை பிரிக்கப்பட்டிருக்கின்றன. காசநோய்க் கிருமி 3-ஆம் பிரிவு. ஆபத்து கூடிய மரபணு மாற்ற ஆய்வுக்கு ஐபிஎஸ்சி சம்மதம் மட்டும் போதாது, ஆர்சிஜிஎம் என்ற மத்தியக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

சரி, அனுமதி வந்துவிட்டது, இனி ஆய்வகத்துக்குள் எதைக் கவனிப்பது? முதலில் நீங்கள் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யும் கேபினெட், அதாவது வடிகட்டிய காற்று ஓடும் பெட்டி போன்ற மேசை. லேமினார் ஃப்ளோவும் பயோசேஃப்டி கேபினெட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் லேமினார் ஃப்ளோ உங்கள் மாதிரியைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல; கிடைமட்டமாகக் காற்று வீசும் வகையாக இருந்தால் மாதிரியைத் தொட்ட காற்று நேராக உங்கள் முகத்துக்கே வரும். நோய்க்கிருமியை அதில் வைத்து வேலை செய்யச் சொன்னால் தாராளமாக மறுக்கலாம். பயோசேஃப்டி கேபினெட்டாக இருந்தாலும், கடைசியாக எப்போது பரிசோதித்துச் சான்று கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பெரியம்மை தொற்றி இறந்தவர், அந்த வைரஸில் ஆய்வே செய்யாத ஒரு மருத்துவப் புகைப்படக் கலைஞர். அவர் வேலை பார்த்தது ஆய்வகத்துக்கு மேல் தளத்தில். குப்பை அள்ளுகிறவர், கண்ணாடிக் குடுவை கழுவுகிறவர் எல்லாரையும் சேர்த்துத்தான் பாதுகாப்பை யோசிக்க வேண்டும். 2016-ன் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி நுண்ணுயிர்க் கழிவை வெளியே அனுப்பும் முன் ஆய்வகத்திலேயே கிருமி நீக்க வேண்டும். கழிவைக் கையாளுகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டியதும் நிறுவனத்தின் கடமை. ஒப்பந்தத் தொழிலாளி என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது, உங்கள் ஆய்வகத்தில் அவர்களுக்கு ஊசி போட்டார்களா என்று நீங்கள் கேட்டால்தான் பல இடங்களில் அது நடக்கும்.

ஊசி குத்திவிட்டாலோ கிருமிக் கரைசல் சிந்திவிட்டாலோ மறைக்காதீர்கள். உடனே கைடிடமும் ஐபிஎஸ்சியிடமும் எழுத்தில் சொல்லி, நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது எந்தக் கிருமி, எந்த ஸ்ட்ரெய்ன் (அந்தக் கிருமியின் உள்வகை) என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள்.