காற்றாலை: கரீபியன் வரைபடங்களில் ஒரு கரும்புச் சொல்

காற்றாலை என்றால் நமக்கு முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் மூன்று இறக்கைகளோடு சுழலும் வெள்ளைக் கம்பங்கள்தாம் நினைவுக்கு வரும். அவை தருவது மின்சாரம். கரீபியன் தீவுகளின் பழைய வரைபடங்களில் தோட்டந்தோறும் குறிக்கப்பட்டிருக்கும் ‘விண்ட்மில்’ வேறு. அது காற்றின் விசையால் கரும்பு பிழிந்த கற்கட்டடம். அதற்கும் காற்றாலை என்றே எழுதுகிறோம். அப்படி எழுதுவது சரிதானா?

என்னைக் கேட்டால், ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல்தான் அந்தக் கட்டடத்துக்குப் பொருந்துகிறது. ‘மில்’ என்பது லத்தீன் மொழியில் அரைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. பிரெஞ்சின் ‘முலேன்’, டச்சின் ‘மோலன்’ இரண்டும் அதே வேரின. ஐரோப்பியர் கோதுமை அரைத்த எந்திரத்தின் பெயரை அப்படியே கரும்பு பிழியும் எந்திரத்துக்கும் வைத்துவிட்டார்கள். தமிழிலோ மாவரைக்கத் திரிகை, எண்ணெய் ஆட்டச் செக்கு, கரும்புக்கு ஆலை எனத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பட்டினப்பாலை ‘கார்க் கரும்பின் கமழ் ஆலை’ என்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ‘விசயம் அடூஉம் புகைசூழ் ஆலைதொறும்’ என்று வருகிறது. கருப்பஞ்சாற்றைக் கட்டியாகக் காய்ச்சும் புகை சூழ்ந்த ஆலைகள் அவை. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்ற பழமொழியிலும் ஆலை சர்க்கரை செய்யும் இடமே. பஞ்சாலை, நெல்லாலை எல்லாம் பின்னால் வந்த விரிவு. (தொழிற்சாலையில் இருப்பது சாலை, அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.)

இன்னொரு பொருத்தமும் உண்டு. சங்கப் பாடல்களில் பிழியும் கருவிக்கு எந்திரம் என்று பெயர். ஐங்குறுநூற்றில் ‘கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்’. அமெரிக்கக் கண்டத்தில் ஸ்பானியர் கரும்பாலையை ‘இன்ஹேனியோ’ என்றனர். மதிநுட்பம், சூழ்ச்சிப்பொறி என்ற பொருளுடைய லத்தீன் சொல்லின் வழிவந்தது அது. முதலில் பொறியைக் குறித்து, பிறகு ஆலை முழுவதையும், கடைசியில் தோட்டத்தையே குறித்தது. ஆலையின் பெயரே தோட்டத்தின் பெயரானது தற்செயல் இல்லை. வெட்டிய கரும்பு ஓரிரு நாளில் புளித்துவிடும். எனவே ஆலை வயலுக்குப் பக்கத்திலேயே வேண்டும். ஆலை இல்லாமல் தோட்டம் இல்லை. வரைபடம் வரைந்தவர்களும் அதை அறிந்திருந்தார்கள்.

பார்படோஸை எடுத்துக்கொள்வோம். 1627-இல் ஆங்கிலேயர் அங்கே குடியேறினர். 1640-களில் அப்போது டச்சுக்காரர் வசமிருந்த வடகிழக்குப் பிரேசிலிலிருந்து சர்க்கரைத் தொழில் அங்கு வந்து சேர்ந்தது. 1647 முதல் 1650 வரை அங்கே வாழ்ந்த ரிச்சர்டு லிகன், 1657-இல் வெளியிட்ட நூலில் ஒரு வரைபடத்தைச் சேர்த்தார். மேற்குக் கரையோரம் தோட்டக்காரர்களின் பெயர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. உள்நாடு பெரும்பாலும் வெறுமை. இடையில் ஒட்டகங்கள். தப்பியோடும் அடிமைகளைக் குதிரையில் துரத்தும் ஒருவனையும் அதில் காணலாம். லிகன் ஆலைக்கு இட்ட பெயர் ‘இன்ஹேனியோ’தான். அவர் பார்த்த ஆலைகளை இழுத்தவை மாடுகளும் குதிரைகளும்.

1670-களில் நில அளவையாளர் ரிச்சர்டு ஃபோர்டு வரைந்த படத்தில் காட்சி மாறிவிடுகிறது. 844 தோட்டங்கள், காற்று, நீர், மாடு என ஆலையை எது இயக்கியது என்பதற்குத் தனித்தனிக் குறிகள். ஃபோர்டு, போரையும் அரசு சார்ந்த திருச்சபையையும் ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். அதனால் தேவாலயங்களையும் கோட்டைகளையும் காட்டாமல் விட்டார். விட்டுப்போனது ஒரு குறைதான், ஆனால் நமக்கு வேண்டியது மிஞ்சியிருக்கிறது. அடுத்து வில்லியம் மேயோ 1717 முதல் 1721 வரை தீவை அளந்தார். 1722-இல் அச்சான அவர் படத்தில் காற்றாலைகள் தீவெங்கும் பரவிவிட்டன. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு தோட்டத்தில் மாடு போய்க் காற்று வந்த காலத்தை ஏறத்தாழ மதிப்பிடலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வரைபடத்தில் எழுதப்பட்டிருப்பது அந்நாளைய உரிமையாளரின் பெயர். கை மாறினால் பெயரும் மாறும். ஆன்டிகுவாவின் பெட்டிஸ் ஹோப் தோட்டத்தை 1650-களில் தொடங்கியவர் கிறிஸ்டோபர் கீனெல். 1674-இல் அது காட்ரிங்டன் குடும்பத்துக்குப் போனபின் அக்குடும்பத்து மகள் எலிசபெத்தின் செல்லப்பெயர் நிலைத்தது. ஆகவே பெயரை மட்டும் துரத்தினால் தோட்டம் கைநழுவிவிடும். ஓடை, மேடு, எல்லைக்கோடு இவற்றோடு ஆலைக் குறி நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு, ஏனென்றால் கற்கோபுரம் நகராது.

கோபுரத்தின் இடத்தைத் தீர்மானித்தது காற்று. கிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வீசும் வணிகக் காற்று தடையின்றிப் படும் மேட்டில் அதைக் கட்டினார்கள். தடித்த கற்சுவர், மேலே மரத்தாலான தொப்பி, அதிலிருந்து தரைவரை இறங்கும் நீண்ட மரம். அந்த மரத்தைத் தள்ளித்தான் தொப்பியையும் இறக்கைகளையும் காற்றின் பக்கம் திருப்பினர். உள்ளே செங்குத்தாக மூன்று உருளைகள். நடு உருளை சுற்ற, பற்சக்கரங்கள் மற்ற இரண்டையும் சுற்றும். அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள், பெண்கள் உட்பட, கையால் கரும்பைச் செருகினார்கள். ஆலைவாய்க் கரும்பு என்று நாம் உவமையாகச் சொல்வது அங்கே விரலுக்கும் கைக்கும் நேர்ந்தது. உருளை கையைப் பற்றினால் காற்றை நிறுத்த வழியில்லை. கையை வெட்டி ஆளைக் காப்பாற்ற அருகிலேயே கோடரி வைத்திருந்ததைப் பல பதிவுகள் சொல்கின்றன. வரைபடத்தில் அது ஒரு சிறு குறி, அவ்வளவுதான். பிழிந்த சாறு சரிவில் ஓடிக் கொப்பரை வரிசையை அடைந்தது. சக்கையை உலர்த்தி அடுப்பெரித்தார்கள்.

பிரெஞ்சுத் தீவான மாரி-கலாந்த்துக்கு ‘நூறு ஆலைகளின் தீவு’ என்றே பெயர். அது சேர்ந்த குவாதலூப்பில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின், 1854 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் வழியே தமிழர்களும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் போனபோது நீராவி எந்திரங்கள் காற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தன.

இனித் தமிழில் எப்படி எழுதலாம்? காற்றாலை பிழையில்லை. ஆனால் ‘பார்படோஸின் மோர்கன் லூயிஸ் காற்றாலை 1947 வரை இயங்கியது’ என்று எழுதினால் வாசகர் மின்சாரக் காற்றாலையைத்தான் நினைப்பார். முதல் முறை ‘காற்றுக் கரும்பாலை’ என்று எழுதிவிட்டு, பிறகு காற்றாலை என்று சுருக்கிக்கொள்ளலாம். ஃபோர்டின் மற்ற இரண்டு குறிகளுக்கு மாட்டாலை, நீராலை போதும். தொப்பியைத் திருப்பும் மரத்தை அங்கே ‘டெயில் ட்ரீ’ என்பார்கள். அதை வால்மரம் எனலாம். இறக்கை போய்ச் சுவர் மட்டும் நிற்பதை ஆலைக் கோபுரம் என்று எழுதுங்கள். ‘காற்றாலை’ என்று எழுதினால், அது இன்னும் சுற்றுகிறதா என்று யாராவது கேட்பார்கள்.